சட்டகத்தின் விறைப்பும் காரின் கட்டுப்பாடும்: நடு எஞ்சின் கார்களின் வரலாற்றில் ஒரு காரண ஆராய்ச்சி

ஒரு நிகழ்ச்சிக்கு முன்னே நின்றவற்றையெல்லாம் அதன் காரணங்களெனக் கொள்ளுதல் வரலாற்றாராய்ச்சியில் எளிதாக நேரும் வழுவாகும். அரசுகளின் வீழ்ச்சியையும் வணிகப் பாதைகளின் மாற்றத்தையும் ஆராய்வோர் இவ்வழுவைப் பற்றி நன்கறிவர். பொறிகளின் வரலாற்றை எழுதுவோரோ அத்துணை எச்சரிக்கையாக இருப்பதில்லை. பொறியொன்று திருந்தியபோது அதிற் கண்ணுக்குப் புலப்பட்ட மாற்றம் எதுவோ, அதுவே திருத்தத்துக்குக் காரணமென எழுதப்பட்டு விடுகின்றது. எஞ்சினைச் சாரதிக்குப் பின்னாலும் பின்னச்சுக்கு முன்னாலும் கொண்ட நடு எஞ்சின் கார்களின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும். இவற்றின் சட்டகத்தைக் குறுக்குத் தண்டுகளாலும் பிறவாற்றாலும் விறைப்பாக்கினால் இவை சாரதியின் கைக்கு அடங்கி ஓடும் என்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அக்கருத்து எவ்வளவுக்கு உண்மை என்பதை 1930களிலிருந்து நிகழ்ந்த சில மாற்றங்களைக் கொண்டு நோக்கலாம்.

விறைப்பு என்பது யாதென முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். நான்கு சட்டங்களை ஆணியடித்துச் செய்த படலை சில மாதங்களில் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் அடித்துவிட்டால் அது சரியாது. சதுரம் உருமாறும், முக்கோணம் உருமாறாது என்பதே இதன் தத்துவம். ஆயின் காரின் சட்டகம் படலையைப் போலத் தட்டையானதன்று. முன் இடச் சில்லு ஒரு மேட்டில் ஏறும்போது, பின்சில்லுகள் சமநிலத்தில் நிற்க, சட்டகம் முழுவதும் துணியைப் பிழிவதுபோல முறுக்கப்படுகின்றது. தீப்பெட்டியின் உட்தட்டைத் தனியே எடுத்து இரு முனைகளிலும் பிடித்து முறுக்கினால் அது எளிதிற் கோணும். அதனையே மேலுறைக்குள் செலுத்தி முறுக்கினால் எதிர்த்து நிற்கும். நாற்புறமும் மூடிய பெட்டியே முறுக்கத்தைத் தாங்கும். காரிலோ மனிதர் அமர்வதற்கு ஒரு திறப்பு வேண்டும். எஞ்சினை வைத்தெடுப்பதற்கு இன்னொரு திறப்பு வேண்டும். நடு எஞ்சின் காரில் இவ்விரு திறப்புகளும் அடுத்தடுத்து அமைவதோடு, காரின் மிகப் பாரமான உறுப்பும் இரண்டாந் திறப்பிலேயே கிடக்கின்றது. இவ்வகைக் கார்களிற் சட்டகத்தைப் பற்றிய கவலை மிகுந்திருந்தமைக்கு இதுவே காரணம்.

விறைப்புக்கும் காரின் கட்டுப்பாட்டுக்குமுள்ள தொடர்பு நேரடியானதன்று. கார் வளைவிலே திரும்புகையிற் பாரம் உட்சில்லுகளிலிருந்து வெளிச்சில்லுகளுக்கு மாறுகின்றது. அம்மாற்றத்தில் முன்னிணை எவ்வளவைத் தாங்குவது, பின்னிணை எவ்வளவைத் தாங்குவது என்பதைப் பொறியியலாளர் வில்லுகளின் வலிமையைக் கொண்டு வகுக்கின்றார். எப்பக்கம் முதலில் வழுக்கும் என்பது பெரிதும் இதனாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. இடையிலுள்ள சட்டகமே முறுகுமாயின், அது கணக்கில் எழுதப்படாத இன்னொரு வில்லாகிவிடுகின்றது. முன்னே செய்த திருத்தம் பின்னே சென்று சேர்வதில்லை. எனவே சட்டகம் வில்லுகளிலும் பன்மடங்கு விறைப்பாக இருத்தல் வேண்டும். அந்த அளவைத் தாண்டியபின் மேலும் மேலும் விறைப்பாக்குவதாற் பாரங் கூடுமேயன்றிப் பயன் அதிகமில்லை. நடு எஞ்சின் காருக்கு இன்னொரு இயல்புமுண்டு. இரு முனைகளிலும் பாரங் கட்டிய காவுதடியைச் சுழற்றுவதிலும், நடுவிற் பாரங் கட்டிய தடியைச் சுழற்றுவது எளிது. அவ்வாறே இக்காரும் விரைந்து திரும்பும். பின்சில்லுகளின் திசை சிறிது பிசகினாலும் அதே விரைவோடு பின்பக்கம் சுழன்றுவிடும். அப்பிசகு சட்டகத்தால் நேர்ந்ததா, வில்லமைப்பால் நேர்ந்ததா, ரயரால் நேர்ந்ததா என்பதைச் சாரதியின் உடல் பிரித்தறிவதில்லை.

நடு எஞ்சின் அமைப்பைப் பெரும் பந்தயங்களில் வெற்றியுடன் நிலைநாட்டியவை ஜேர்மனியின் ஓட்டோ யூனியன் கார்களாகும். ஃபேர்டினண்ட் பொர்ஷே வகுத்த திட்டத்தில் அமைந்த இவை 1934இற் களமிறங்கின. பதினாறு உருளை எஞ்சின் சாரதிக்குப் பின்னால் வைக்கப்பட்டது. சட்டகமோ ஏணியைப் போன்றது: இரு தடித்த குழாய்களும் அவற்றை இணைக்குங் குறுக்குக் குழாய்களும். ஆரம்பத்தில் அக்குழாய்களினூடாகவே எஞ்சினுக்குரிய குளிர்நீரும் அனுப்பப்பட்டது. இக்கார்களை அடக்கியோட்டுவது மிகக் கடினமாக இருந்தது. மோட்டார்ச் சைக்கிளிலிருந்து நேரே வந்து 1936இல் ஐரோப்பிய வாகையரான பேர்ன்ட் ரோஸ்மயர் போன்ற ஒரு சிலருக்கே அது கைவந்தது. பின்சுமை, ஊசலாடும் பின்னச்சு, முன்சில்லுகளை அண்டிய சாரதி ஆசனம் எனப் பல காரணங்கள் இதற்குக் கூறப்படலாம். 1938இல் வந்த புதிய காரில் எஞ்சின் சிறிதாக்கப்பட்டது. பின்னச்சு டி டியொன் முறைக்கு மாற்றப்பட்டது. சாரதியும் பின்னே நகர்த்தப்பட்டார். கார் பெரிதும் பணிவாயிற்று. இத்திருத்தங்களில் முதலிடம் பெற்றது சட்டகமன்று என்பது கவனிக்கற்பாலது.

சட்டகத்தின் பங்கை அக்காலத்தில் தெளிவாகக் கண்டவர் போட்டி நிறுவனமான மெர்சிடிஸைச் சேர்ந்த ருடோல்ஃப் ஊலன்ஹவுட் ஆவார். அவர்களுடைய காரின் எஞ்சின் முன்னே இருந்ததாயினும், அவர் கண்ட உண்மை எல்லாக் கார்களுக்கும் பொருந்தும். 1936இல் மெர்சிடிஸ் கார்கள் தோல்விமேல் தோல்வியடைந்தன. பொறியியலாளராகிய ஊலன்ஹவுட் தாமே அக்காரை நூர்பேர்க்ரிங் பாதையில் ஓட்டிப் பார்த்தார். வில்லுகள் மிக விறைப்பாகவும் சட்டகம் மிக நெகிழ்வாகவும் இருப்பதைக் கண்டார். அதாவது வில் செய்யவேண்டிய வேலையைச் சட்டகம் செய்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டின் டபிள்யூ 125 கார் இதனைத் தலைகீழாக்கியது: முட்டைவடிவக் குறுக்குவெட்டுக் கொண்ட உருக்குக் குழாய்களாலான விறைத்த சட்டகம், நெடுந்தூரம் அசையும் மென்மையான வில்லுகள். 1937இன் ஐரோப்பிய வாகை மெர்சிடிஸுக்கே கிடைத்தது. விறைப்புக் கூட்டப்பட்டது வில்லுகளை மென்மையாக்கும் பொருட்டே. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் செய்திருப்பின் என்ன விளைந்திருக்கும் என்பது வேறு விடயம்.

இக்கொள்கை அங்கீகரிக்கப்பட்டு விட்டதென நாம் எண்ணுகையில், அதற்கு மாறாக வந்து நிற்கின்றது இங்கிலாந்தின் கூப்பர் கார். சார்ள்ஸ் கூப்பரும் மகன் ஜோன் கூப்பரும் போருக்குப்பின் சேர்பிற்றனிலுள்ள தமது பட்டறையிற் சிறு கார்களைச் செய்யத் தொடங்கினர். மோட்டார்ச் சைக்கிள் எஞ்சினைச் சங்கிலியாற் பின்சில்லுகளோடு இணைப்பது வசதி என்பதாலேயே அதனைப் பின்னே வைத்தனர். பெருந்தத்துவம் எதுவும் இதிலில்லை. அங்கே வரைஞராக இருந்த ஓவன் மடொக்கின் சட்டகங்களிற் குழாய்கள் வளைந்து சென்றன. இழுவிசையையும் அமுக்கவிசையையும் நேர்க்குழாய் நேரே தாங்கும். வளைந்த குழாயோ மேலும் வளையவே முற்படும். ஆகவே அக்கட்டமைப்பு பாடநூற் கொள்கைக்கு முரணானது. எனினும் 1958இல் ஆர்ஜென்டீனப் பந்தயத்தை ஸ்ரேர்லிங் மொஸ் கூப்பரிலேயே வென்றார். 1959, 1960 ஆகிய ஈராண்டுகளிலும் ஜக் பிரபம் அதே வழிவந்த கார்களில் உலக வாகை சூடினார். 1960இன் இத்தாலியப் பந்தயத்தோடு முன் எஞ்சின் கார்களின் வெற்றி வரலாறு அவ்வரங்கில் முடிவுற்றது. கூப்பரின் வெற்றிக்குக் குறைந்த பாரமும் சிறிய உருவமும் எஞ்சினின் இடமுமே ஆதாரம். அதன் சட்டகம் குற்றமுடையதே. ஆனால் அக்குற்றம் வெற்றியைத் தடுக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கவில்லை.

1962இல் லோட்டஸ் நிறுவனத்தின் கொலின் சப்மன் செய்த மாற்றம் சட்டக வரலாற்றில் மிகுதியாகப் போற்றப்படுவது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கட்டடப் பொறியியல் பயின்ற இவர், குழாய்களை விடுத்து அலுமினியத் தகட்டாலான இரு நீண்ட பெட்டிகளைப் பக்கத்துக்கொன்றாக அமைத்து, அவற்றினுள் எரிபொருட் பைகளை வைத்து, இடையே சாரதியைப் படுத்த நிலையில் இருத்தினார். நமது தீப்பெட்டியின் தத்துவமே இது. இந்த லோட்டஸ் 25, அதே ஆண்டிற் பிறருக்கு விற்பதற்கெனக் குழாய்ச் சட்டகத்தோடு செய்யப்பட்ட லோட்டஸ் 24ஐக் காட்டிலும் ஏறத்தாழ மும்மடங்கு விறைப்புடையதாகவும், சட்டகத்தைப் பொறுத்தவரை அதன் பாதிப் பாரமுடையதாகவும் இருந்தது. இரு கார்களின் ஏனைய உறுப்புகளும் பெரும்பாலும் ஒன்றே. எனவே வரலாறு தானாக நடத்திய ஒரு பரிசோதனையென இதனைக் கொள்ளலாம். 1963இல் ஜிம் கிளார்க் லோட்டஸ் 25இல் பத்துப் பந்தயங்களில் ஏழை வென்றார்.

ஆயினும் இங்கும் நிதானம் வேண்டும். கிளார்க் தம் காலத்துச் சாரதிகளில் தலைசிறந்தவர். அவரிருந்த காரின் வெற்றியிற் காருக்குரிய பங்கைத் தனியே அளப்பது எளிதன்று. 1962இன் வாகையையோ குழாய்ச் சட்டகங் கொண்ட பி.ஆர்.எம். காரில் கிரகம் ஹில்லே பெற்றார். அதனினும் வியப்பு, கூப்பரை விட்டுச் சென்று தம் பெயரிலேயே கார் செய்த பிரபம் 1966இலும், அவரது அணியைச் சேர்ந்த டெனி ஹல்ம் 1967இலும், ரோன் டோரனாக் வடிவமைத்த குழாய்ச் சட்டகக் கார்களிலேயே உலக வாகை பெற்றமையாகும். பெட்டிச் சட்டகம் வந்து நாலைந்து ஆண்டுகள் கழிந்தபின் நிகழ்ந்தவை இவை. 1967இல் எஞ்சினையே சட்டகத்தின் பின்பாதியாகக் கொண்ட லோட்டஸ் 49 வேகத்தில் யாவற்றையும் விஞ்சியது. அடிக்கடி பழுதுற்ற அக்காரை, பழுதுறாத பிரபமின் கார் வென்றது. டோரனாக்கின் கார்கள் போதிய விறைப்புடையனவாக இருந்தன; அவற்றின் வில்லமைப்பும் செம்மையாக இருந்தது. ‘போதிய’ என்ற சொல்லே இங்கு முக்கியமானது.

இனி, இவ்வினாவின் கூர்முனை வெளிப்பட்ட இடத்துக்கு வருவோம். 1969 ஏப்ரலில் பொர்ஷே நிறுவனம் 917 என்னும் புதிய நடு எஞ்சின் கார்கள் இருபத்தைந்தை வரிசையாக நிறுத்திப் பரிசோதகர்களுக்குக் காட்டியது. பன்னிரண்டு உருளைகளும் 500க்கு மேற்பட்ட குதிரைவலுவும் கொண்ட அக்காரின் சட்டகம் மெல்லிய அலுமினியக் குழாய்களால் ஆனது. அதன் பாரம் 50 கிலோகிராமையும் எட்டவில்லை. குழாய்களுள் வாயு அடைத்து, அதன் அமுக்கங் குறைந்தால் எங்கோ வெடிப்பு விழுந்துள்ளதென அறியும் ஏற்பாடும் இருந்தது. இத்தகையதோர் ஏற்பாடு சாரதியின் மனத்தில் எத்தகைய நம்பிக்கையைத் தந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கார் நேர்ப்பாதையிலேயே நிலைகொள்ளவில்லை. அதிவேகத்திற் பாதையின் முழு அகலத்தையும் வேண்டி அலைந்தது. ஸ்பாவில் நடைபெற்ற பந்தயத்தில், நிறுவனத்தின் முதன்மைச் சாரதிகளில் ஒருவரான ஜோ சிஃபேர்ட் இதனை விடுத்துப் பழைய 908ஐயே தெரிந்தெடுத்தார். நூர்பேர்க்ரிங்கில் இதனை ஓட்டுவதற்கு வெளியிலிருந்தே சாரதிகளை அழைக்கவேண்டியதாயிற்று. யூன் மாதம் லு மானில், தமக்கென ஒரு 917ஐ வாங்கியிருந்த பிரித்தானியரான ஜோன் வூல்ஃப் முதற் சுற்றிலேயே விபத்துக்குள்ளாகி இறந்தார்.

காரணம் எது? வில்லமைப்பின்மீது ஐயம் எழுந்தது, மாற்றங்கள் செய்யப்பட்டன, பயனில்லை. சட்டகத்தின்மீதும் ஐயம் எழுந்தது. அது இயல்பே. சிறிய எஞ்சின் கொண்ட முந்திய காரின் வழிவந்த மெல்லிய சட்டகம், அதன்மேற் பெருவலுவுடைய எஞ்சின், கார் தள்ளாடுகின்றது. ஆதலாற் சட்டகம் முறுகுகின்றது என்ற முடிவு மிக நேர்த்தியாகத் தோன்றியது. குறுக்குத் தண்டுகளைக் கூட்டி வலுப்படுத்துவதே அம்முடிவு காட்டும் வழி.

அவ்வாண்டு ஒக்டோபரில் ஒஸ்திரியாவின் செல்ட்வெக் பாதையில் ஒரு பரீட்சை ஓட்டம் நடைபெற்றது. அடுத்த ஆண்டு பொர்ஷேயின் சார்பில் இக்கார்களை இயக்கவிருந்த ஜோன் வயரின் அணியினரும் அதில் கலந்துகொண்டனர். அவ்வணியின் பொறியியலாளர் ஜோன் ஹோர்ஸ்மன், ஓடிவந்து நின்ற காரை நோக்கினார். அதன் உடலெங்கும் பூச்சிகள் மோதி இறந்து ஒட்டியிருந்தன. பின்பகுதியில் மட்டும் ஒன்றேனுமில்லை. பூச்சி படாத இடத்திற் காற்றும் படவில்லை. நீண்டு தாழ்ந்த பின்பகுதியின்மேற் காற்று அமுங்காது விலகிச் சென்றதால், வேகங் கூடக்கூடப் பின்சில்லுகள் தரையின் பிடியை இழந்துகொண்டிருந்தன. அங்கேயே அலுமினியத் தகடுகளை வெட்டி, ஆணியறைந்து, நாடாவால் ஒட்டி, பின்பகுதியைக் குறுக்கி மேல்நோக்கி உயர்த்தினர். மறுபடி ஓட்டிய சாரதிகள் சில சுற்றுகளோடு நிறுத்தாமல் தொடர்ந்து ஓடினர். சுற்றுக்குச் செலவான நேரமும் வெகுவாகக் குறைந்தது. 1970இல் பொர்ஷே லு மானில் முதன்முறை ஒட்டுமொத்த வெற்றியைப் பெற்றது. 1971இல் மீண்டும் வென்ற காரின் சட்டகம் மக்னீசியத்தாலானது. மக்னீசியம் அலுமினியத்திலும் நெகிழ்வு கூடிய உலோகம். பாரத்தைக் குறைப்பதற்காகவே அது தெரியப்பட்டது. அக்கார் ஓடிய 5,335 கிலோமீற்றர் என்ற தூரம் 2010 வரை லு மானில் முறியடிக்கப்படவில்லை. குற்றஞ் சாட்டப்பட்ட அலுமினியக் குழாய்ச் சட்டகத்தின் வழித்தோன்றலே 1973இல் வட அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைவலுவையும் தாங்கி ஓடியது.

இந்நிகழ்ச்சி சட்டக விறைப்பு வேண்டாததெனக் காட்டுவதாகக் கொள்ளலாகாது. 1970களின் இறுதியிற் காரின் அடிப்புறத்தைக் கொண்டே காற்றைத் தரையோடு இழுக்கும் முறை பரவியபோது, கார் தரையிலிருந்து சிறிதும் எழாதிருத்தல் வேண்டியதாயிற்று. வில்லுகள் அசைவற்றவை போல விறைப்பாக்கப்பட்டன. அத்தகைய வில்லுகளுக்கு ஈடுகொடுக்கச் சட்டகமும் பன்மடங்கு விறைப்பாக வேண்டியிருந்தது. காற்றுக்கு வழிவிடும்படி ஒடுக்கமாகவும் இருக்கவேண்டியிருந்தது. 1981இல் ஜோன் பார்னாட் மக்லாரன் அணிக்காகக் காபன் நாரினாற் சட்டகம் செய்வித்தது இத்தேவையினாலேயே. அவ்வாண்டு மொன்சாவில் ஜோன் வட்சனின் கார் மோதி இரு கூறாகியபோதும் அவர் காயமின்றி எழுந்து நடந்தார். சட்டகத்தின் வலிமை உயிர்காத்த அச்செய்தி, அது காரின் போக்கைத் திருத்தியது என்ற செய்தியோடு பின்னர் கலந்துவிட்டது. வலிமையும் விறைப்பும் வேறு; விறைப்பும் கட்டுப்பாடும் வேறு.

பொதுமக்கள் வாங்கும் நடு எஞ்சின் கார்களிலும் இம்மயக்கம் தொடர்கின்றது. ரொயோட்டாவின் எம்.ஆர்.2 காரின் 1989இல் வந்த இரண்டாந் தலைமுறை, வளைவில் சாரதி திடீரெனக் காலை எடுத்தால் பின்பக்கஞ் சுழல்வதாகப் பெயர் பெற்றது. சில ஆண்டுகளில் நிறுவனம் செய்த திருத்தம் பின்வில்லமைப்பின் வடிவிலும் சில்லு, ரயர் அளவிலும் ஆனது. மூன்றாந் தலைமுறை திறந்த கார். கூரை இல்லாமையால் தீப்பெட்டி மேலுறையை இழந்தது போன்றது. 2003க்குரிய திருத்தத்தில் அதன் சட்டகத்துக்கு வலுவூட்டப்பட்டது. உடன்தானே பின் ரயர்களும் பெரிதாக்கப்பட்டன, வில்லுகளும் அதிர்வுதாங்கிகளும் மாற்றப்பட்டன. கார் திருந்தியிருப்பின் அப்புகழ் எதற்குரியது? 1996இன் லோட்டஸ் எலீஸ் காரைச் செய்தோர் அடிமுதலே வேறு வழி சென்றனர்: ஏறத்தாழ 70 கிலோகிராம் பாரமுள்ள, பசையால் ஒட்டிய அலுமினியச் சட்டகம், உயர்ந்த பக்கப் பெட்டிகள், மென்மையான வில்லுகள். ஊலன்ஹவுட் 1937இற் செய்ததும் இதுவேயாகும்.

வாங்கிய காருக்குப் பின்னர் பூட்டப்படும் தண்டுகளைப் பொறுத்தவரை, இடப்புறத்து வில் முனையையும் வலப்புறத்து வில் முனையையும் இணைக்கும் ஒற்றைத் தண்டு அவ்விரு முனைகளும் ஒன்றையொன்று நெருங்காமற் காக்கும்; முறுக்கத்தைத் தடுக்க அது பெரிதும் உதவாது. திறந்த காரின் அடித்தளத்தில் மூலைக்கு மூலை செல்லும் தண்டுகள் ஓரளவு உதவும். பழமையால் இணைப்புகள் தளர்ந்த காரிலும், பந்தய ரயரும் கடிய வில்லுகளும் பூட்டப்பட்ட காரிலும் அவ்வுதவி சாரதிக்கு உணரத்தக்கதாகலாம். ஆனாற் பெரும்பாலோர் தண்டைப் பூட்டும் அன்றே ரயரையும் மாற்றி, சில்லுகளின் கோணங்களையும் சீர்செய்து, பணமுஞ் செலவிட்டபின் காரை ஓட்டிப் பார்க்கின்றனர். செல்ட்வெக்கில் நிகழ்ந்ததோ அவ்வாறன்று. காரும் பாதையும் சாரதிகளும் முன்னிருந்தவையே. மாறியது பின்பகுதித் தகடு மட்டுமே. சட்டகத்தில் அன்று எவருங் கைவைக்கவில்லை.